பழைய சிவிக்கின் டர்போ என்ஜினை மறுபடி கட்டுவது எப்படி? பி16ஏ-க்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிறர் டர்போ மாட்டிய பழைய சிவிக் விற்பனைக்கு வந்தால் விளம்பரத்தில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "லேசா புகை வரும், மத்தபடி வண்டி சூப்பர்." அந்த லேசான புகையில் ஆரம்பித்து, முழு என்ஜினையும் கழற்றி, முன்பைவிடப் பலமாகக் கட்டி, ஒழுங்காக டியூன் செய்து சாலையில் இறக்கும் வரை என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

உதாரணத்துக்கு எடுத்திருப்பது ஹோண்டா சிவிக் எஸ்ஐஆர். 1991 முதல் 1995 வரை வந்த ஐந்தாம் தலைமுறை, ஆர்வலர்கள் வாயில் 'இஜி6'. உள்ளே இருப்பது பி16ஏ: 1595 சிசி, 81 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 77.4 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 10.4 கம்ப்ரெஷன், 7800 ஆர்பிஎம்மில் 170 பிஎஸ். டர்போ இல்லாமலே லிட்டருக்கு நூறு குதிரைத்திறனைத் தாண்ட வேண்டும் என்று ஹோண்டா வடிவமைத்த என்ஜின் இது. அதனால்தான் கம்ப்ரெஷன் அதிகம், சுழற்சி அதிகம், பிஸ்டன் வெறும் வார்ப்பு. இதன் தலையில் டர்போவை ஏற்றியது நாம். ஹோண்டாவைக் குறை சொல்ல முடியாது.

இலக்கு: என்ஜினில் சுமார் 300 குதிரைத்திறன். ஒரு டன் எடையை ஒட்டிய முன்சக்கர வண்டிக்கு இதுவே தாராளம். 500, 600 என்று கேட்பவர்களுக்கு ஸ்லீவ் (சிலிண்டருக்குப் பலமான புது உறை), கியர்பாக்ஸ், ஆக்ஸில் என்று வேறு கணக்கு, வேறு செலவு. இந்த வழிகாட்டி அவர்களுக்கு உதவாது.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். பழைய என்ஜின் ஏன் செத்தது என்று தெரியும்வரை புது என்ஜினுக்கு ஒரு போல்ட்கூட வாங்காதீர்கள்.

1. இறக்குவதற்கு முன் விசாரணை

என்ஜின் ஓடுகிற நிலையில் இருந்தால் அதிர்ஷ்டம். நன்றாகச் சூடேற்றி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து கம்ப்ரெஷன் பாருங்கள். அளவு எவ்வளவு என்பதைவிட நான்கு சிலிண்டருக்கும் இடையே உள்ள வித்தியாசம் முக்கியம். 2 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது.

அடுத்தது லீக்டவுன் சோதனை. சிலிண்டரை மேல்நிலையில் நிறுத்தி, காற்றை ஏற்றி, எங்கே தப்பிக்கிறது என்று காதால் கேட்க வேண்டும். த்ராட்டில் பாடியில் சீறினால் இன்டேக் வால்வ். டர்போ பக்கம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ். ஆயில் மூடியைத் திறந்ததும் ஊதினால் ரிங் அல்லது பிஸ்டன். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். இழப்பு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 20-ஐத் தாண்டினால் மறு பேச்சே இல்லை.

புகையையும் வகை பிரியுங்கள். சிக்னலில் கொஞ்ச நேரம் நின்று, கிளம்பும்போது நீலமாகக் குபுக்கென்று வந்தால் முதல் சந்தேகம் டர்போவின் ஆயில் வடிகுழாய் மீது. பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) ஏறும்போது தொடர்ந்து வந்தால் ரிங்குகள் மீது. டர்போ சீல் போய்விட்டது என்று புது டர்போ வாங்கி மாட்டி, அதுவும் புகைப்பதைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்கள் நிறைய. சீலில் கோளாறே இருந்திருக்காது. ஆயில் இறங்க வழி இருந்திருக்காது.

பிளக்குகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகளோ பளபளக்கும் அலுமினியத் துகளோ இருந்தால் அது நாக்கிங்கின் (பெட்ரோல் கலவை நேரம் தவறி வெடிப்பதன்) கையெழுத்து. அந்த அலுமினியம் உங்கள் பிஸ்டனிலிருந்து வந்தது.

2. கழற்றுவதும் படிப்பதும்

சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளை வெளியிலிருந்து உள்ளாக, சிறிது சிறிதாகப் பல சுற்றுகளில் தளர்த்துங்கள். ஒரே மூச்சில் ஒன்றைக் கழற்றினால் ஹெட் வளையும். மெயின் கேப், ராட் கேப் (கிராங்கையும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடையும் பிடிக்கும் மூடிகள்) ஒவ்வொன்றும் எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பேரிங் ஓடுகளை வரிசைப்படி ஒரு அட்டையில் ஒட்டி வையுங்கள். அந்த அட்டைதான் பிரேதப் பரிசோதனை அறிக்கை.

பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் இடையிலான வரப்பு உடைந்திருந்தால், காரணம் நாக்கிங். அல்லது ரிங் கேப் (ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே விடும் இடைவெளி) போதாமல் முனைகள் முட்டியது. ரிங்கின் இரு முனைகளையும் பாருங்கள். பளபளவென்று தேய்ந்திருந்தால் முட்டியிருக்கிறது. ராட் பேரிங்கின் மேல் ஓடு மட்டும் அடி வாங்கியிருந்தால் அதுவும் நாக்கிங்தான், எரிப்பு அழுத்தம் மேலிருந்து சம்மட்டியாக இறங்கியிருக்கிறது. எல்லா ஓடுகளும் சமமாகக் கீறியிருந்தால் ஆயிலில் அழுக்கு. ஒரு ஓடு மட்டும் கருகியிருந்தால் ஆயில் பட்டினி.

2000-ஐ ஒட்டிய காலத்து டர்போ கிட் என்றால் பெட்ரோல் லைனில் தட்டு வடிவத்தில் ஒரு பிரஷர் ரெகுலேட்டர் உட்கார்ந்திருக்கும். பூஸ்ட் ஏறினால் பெட்ரோல் அழுத்தத்தைப் பல மடங்கு ஏற்றி, பழைய சின்ன இன்ஜெக்டர்களிலிருந்தே கூடுதல் பெட்ரோலைப் பிதுக்கும் ஏற்பாடு. கூடவே, ஈசியு (என்ஜினை நடத்தும் கணினி) பூஸ்ட்டைப் பார்த்து மிரளாமல் இருக்க, காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் குழாயில் ஒருவழி வால்வ் ஒன்றைச் சொருகியிருப்பார்கள். அதாவது, எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்பது என்ஜினின் மூளைக்கே தெரியாது. இரண்டையும் குப்பையில் போடுங்கள். இந்த வகை என்ஜின்களில் பாதிக்குமேல் செத்தது இப்படித்தான் என்பது என் கணிப்பு.

3. பட்டறை

நல்ல போரிங் பட்டறை கிடைப்பது நல்ல பாகம் கிடைப்பதைவிடக் கஷ்டம். போனதும் இரண்டு கேள்வி கேளுங்கள். போர் கேஜ் வைத்து மேலே, நடுவே, கீழே, குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதித் தருவீர்களா? டார்க் பிளேட் போட்டு ஹோனிங் (சிலிண்டர் சுவரை இழைத்துச் சீராக்குவது) செய்வீர்களா?

இரண்டாவது கேள்வி பி16ஏ-க்கு ரொம்பவே முக்கியம். இது ஓப்பன் டெக் பிளாக். அலுமினிய உடலுக்குள் வார்ப்பிரும்பு லைனர்கள். அவற்றின் மேல்முனையைச் சுற்றிக் கூலன்ட் ஓடும் திறந்த வெளி. ஹெட்டை முறுக்கி இறுக்கும்போது லைனர் நூலிழை அளவு வடிவம் மாறும். ஹெட் இருந்த மாதிரியே ஒரு தடித்த தட்டை அதே இறுக்கத்தில் பூட்டிவைத்து ஹோன் செய்தால்தான், ஓடும் நிலையில் சிலிண்டர் வட்டமாக இருக்கும்.

81.5 மி.மீ.க்குப் போர் செய்தால் போதும். கொள்ளளவு 1615 சிசி ஆகும். அதற்கு மேல் லைனரைச் சுரண்டுவது டர்போ என்ஜினுக்குப் புத்திசாலித்தனம் அல்ல. பெறப்போகும் சிசி சொற்பம், இழக்கப்போவது சுவரின் பலம். ஒன்று மறக்காதீர்கள்: பிஸ்டன்களைக் கையில் கொடுத்த பிறகே போரிங் தொடங்க வேண்டும். பிஸ்டனை அளந்து, அதற்கேற்பத்தான் துளை.

லைனர் மேல்முனை ஆடாமலிருக்க 'பிளாக் கார்டு' என்று ஒரு வளையத்தை அடித்து இறக்குவது உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சூடு அதிகமாக இருக்கும் இடத்திலேயே கூலன்ட் ஓட்டத்தை அது குறுக்குகிறது. 300 குதிரைத்திறனுக்கு அது தேவையும் இல்லை. டெக்கும் (பிளாக்கின் மேல்பரப்பு) ஹெட்டும் 0.05 மி.மீ.க்குள் சமமாக இருப்பதும், ஹோண்டாவின் பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டுக்கு ஏற்ற வழவழப்பான பரப்பும் போதும்.

கிராங்க் பற்றிக் கவலை வேண்டாம். ஹோண்டா கொடுத்ததே ஃபோர்ஜ் செய்தது. விரிசல் சோதனை, பாலிஷ், பேலன்ஸ் செய்தால் இந்த இலக்குக்குப் போதும்.

4. எதை வாங்குவது

பிஸ்டனுக்கு 2618, 4032 என இரண்டு உலோகக் கலவைகள் உண்டு. 4032-ல் சிலிக்கான் அதிகம். குறைவாக விரியும், சத்தமில்லாமல் ஓடும், ஆனால் நாக்கிங் வந்தால் நொறுங்கும். 2618 அதிகம் விரியும், குளிரில் 'கட கட'வென்று சத்தம் போடும், அடியைத் தாங்கும். டர்போவுக்கு நான் 2618 பக்கம். இதற்குப் பிஸ்டன்-சுவர் இடைவெளி பொதுவாக 0.08 முதல் 0.10 மி.மீ. வரை, ஆனால் பிஸ்டனோடு வரும் தாள் சொல்வதே சட்டம். கம்ப்ரெஷன் 9 முதல் 9.5 வரை. அதற்குக் கீழே இறக்கினால், பூஸ்ட் வருவதற்கு முன் வண்டி சோம்பேறியாகிவிடும்.

ராட் வாங்கும்போது நீளத்தைச் சரிபாருங்கள். பி16ஏ-க்கு 134.4 மி.மீ., இதே குடும்பத்து 1.8 லிட்டர் என்ஜினான பி18சி-க்கு 137.9. இரண்டையும் 'பி சீரிஸ் ராட்' என்றே விற்பார்கள்.

டர்போவுக்குக் கொஞ்சம் கணக்கு. பத்துக் குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 0.45 கிலோ காற்று என்பது நடைமுறைக் கணக்கு. 300-க்கு ஏறத்தாழ 13.6 கிலோ. காரெட் ஜிடி2860ஆர்எஸ் போன்ற பால் பேரிங் டர்போ இதை மூச்சு வாங்காமல் தரும். விலை மலிவு என்று பெரிய டர்போவை மாட்டினால் 5500 ஆர்பிஎம் வரை ஒன்றுமே நடக்காது.

ஒரு பார் பூஸ்ட் வேண்டும். 30 டிகிரி காற்றை இரட்டை அழுத்தத்துக்கு ஏற்றினால், 72 சதவீதத் திறனுள்ள கம்ப்ரெஸரிலிருந்து அது கிட்டத்தட்ட 122 டிகிரியில் வெளியே வரும். அதில் முக்கால் பங்குச் சூட்டை இன்டர்கூலர் வாங்கிக்கொண்டால் 53 டிகிரி. என்ஜினுக்குக் கிடைக்கும் காற்றின் அடர்த்தி டர்போ இல்லாதபோது இருந்ததைப்போல 1.86 மடங்கு. 170-ஐ இதனால் பெருக்கி, கம்ப்ரெஷனைக் குறைத்ததற்கும் நாக்கிங்குக்குப் பயந்து இக்னிஷனைத் தாமதப்படுத்துவதற்கும் கொஞ்சம் கழித்தால் 300 வந்து நிற்கும். இன்டர்கூலரில் கஞ்சத்தனம் செய்யக் கூடாது என்பதற்கு இந்த 122 டிகிரியே போதுமான காரணம்.

மேனிஃபோல்டு வார்ப்பிரும்பாக இருக்கட்டும். மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாய்களை வளைத்துச் செய்தது பார்க்க அழகு. டர்போவின் எடையையும் சூட்டையும் தாங்கித் தாங்கி வெல்டிங்கில் விரிசல் விடும். பி சீரிஸில் எக்ஸாஸ்ட் முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்தபடி இருக்கிறது. எனவே டர்போவுக்கு வெப்ப உறையும், ரேடியேட்டருக்கு மெல்லிய விசிறியும், ரேடியேட்டரே கொஞ்சம் தடித்ததாகவும் வேண்டியிருக்கும்.

5. பிளாக்கைக் கட்டுதல்

பட்டறையிலிருந்து வந்த பிளாக் சுத்தமாக இருப்பதாகத் தோன்றும். இருக்காது. ஆயில் வழிகளின் அடைப்புகளைக் கழற்றி, நீளத் தூரிகை விட்டு, சோப்பும் சுடுநீரும் கொண்டு கழுவுங்கள். வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுச் சிலிண்டரைத் துடைத்தால் சாம்பல் நிறம் வரக் கூடாது. துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவிக்கொண்டே இருங்கள். காய்ந்ததும் உடனே ஆயில் பூசாவிட்டால் துரு.

ரிங் கேப்பில்தான் பொறுமை வேண்டும். டர்போ என்ஜினின் முதல் ரிங்குக்குப் போரின் ஒவ்வொரு மி.மீ.க்கும் 0.005 மி.மீ. என்று ஆரம்பியுங்கள். 81.5-க்கு 0.41 மி.மீ. வருகிறது. இரண்டாவது ரிங்குக்கு 0.45. ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டு மட்டப்படுத்தி, ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். ரிங்கின் ஒரு முனையை மட்டும், வெளியிலிருந்து உள்நோக்கி அராவுங்கள். கொஞ்சம் அதிகமானால் சிறிது ஆயில் குடிக்கும், அவ்வளவுதான். கொஞ்சம் குறைந்தால் பூஸ்ட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டி, பிஸ்டன் வரப்பைப் பிய்த்துக்கொண்டு வரும்.

பேரிங்குக்கு ஹோண்டா நிறக்குறி முறை வைத்திருக்கிறது. பிளாக்கிலும் கிராங்கிலும் உள்ள குறிகளைச் சேர்த்துப் பார்த்து, எந்த நிற ஓடு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பாலிஷ் செய்த கிராங்கில் அந்தக் குறிகளை நம்ப முடியாது, அளக்க வேண்டும். மெயின் ஜர்னல் 55 மி.மீ., ராட் ஜர்னல் 45 மி.மீ. ஆயில் இடைவெளி இரண்டிலும் 0.04 முதல் 0.055 வரை எனக்குத் திருப்தி. பிளாஸ்டிகேஜ் இழையை (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளியைக் காட்டுவது) இறுதிச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பி16ஏ-ல் பிஸ்டனின் அடிப்பகுதிக்கு ஆயில் பீய்ச்சும் சின்ன ஜெட்டுகள் உண்டு. அவற்றை அடைக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். டர்போவில் பிஸ்டனைக் குளிர்விப்பது அவைதான். ஆனால் புது ராடும் பிஸ்டன் பாவாடையும் (பிஸ்டனின் கீழ்ச் சுவர்) அவற்றில் இடிக்கலாம். எல்லாவற்றையும் பூட்டி, கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றி, நான்கு சிலிண்டரிலும் பாருங்கள்.

ராட் போல்ட்டை டார்க் ரெஞ்சை மட்டும் நம்பி இறுக்காமல், நீட்சி அளக்கும் கருவி வைத்து இறுக்குவது உத்தமம். போல்ட்டோடு வரும் கிரீஸையே பூசுங்கள். ஆயில் பூசினால் அதே டார்க்கில் வேறு இறுக்கம் வரும். ஹெட் ஸ்டட்டுக்கும் இதே விதி.

ஆயில் பம்ப் புதிதாக இருக்கட்டும். கிராங்க் புல்லியை எடைகுறைந்த அலுமினியமாக மாற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். ஹோண்டா கொடுத்த புல்லி வெறும் புல்லி அல்ல, கிராங்கின் அதிர்வைத் தணிக்கும் டேம்பர். அது போனால் 8000 ஆர்பிஎம்மில் பம்ப் பற்கள் நொறுங்கத் தயாராகும்.

6. ஹெட்

இங்கே அதிகம் செய்ய வேண்டாம். வால்வ் சீட் வெட்டி, கைடு தேய்மானம் பார்த்து, புது சீல் போட்டு, எக்ஸாஸ்ட் வால்வ்களை மட்டும் சூடு தாங்கும் ரகமாக மாற்றுங்கள். ஹோண்டாவின் கேம்ஷாஃப்ட்டே இந்த டர்போவுக்குப் பொருந்தும். விடெக் (அதிக ஆர்பிஎம்மில் உயர்ந்த கேமுக்கு மாற்றும் ஏற்பாடு) சோலனாய்டின் சல்லடையைச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தால் உயர்ந்த கேமுக்கு மாறாது.

டைமிங் பெல்ட் பூட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இந்த என்ஜின் பெரும்பாலான கார்களுக்கு நேர்மாறாக, புல்லி பக்கமிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். வால்வ் இடைவெளி குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.15 முதல் 0.19, எக்ஸாஸ்ட் 0.17 முதல் 0.21 மி.மீ.

7. ஆயிலும் மூச்சும்

பால் பேரிங் டர்போவுக்கு ஆயில் உள்ளே போகும் வழியில் சுமார் 1 மி.மீ. துளையுள்ள கட்டுப்பாடு வேண்டும். வெளியே வரும் வழி அதற்கு நேர்மாறு: அகலமாக, வளைவில்லாமல், கீழ்நோக்கி, சம்பில் (என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். டர்போவிலிருந்து ஆயில் நுரைத்துக்கொண்டு வருகிறது. தள்ள யாரும் இல்லை, புவியீர்ப்பு மட்டும்தான்.

கிராங்க்கேஸில் அழுத்தம் சேர்ந்தாலும் ஆயில் இறங்காது. கிராங்க்கேஸ் வாயுவை வெளியேற்றும் தொழிற்சாலை பிசிவி வால்வ் இன்டேக் மேனிஃபோல்டில் இணைந்திருக்கிறது. பூஸ்ட்டில் அது சரியாக மூடாவிட்டால் பூஸ்ட்டே கிராங்க்கேஸுக்குள் போகும். பிளாக்கிலிருந்தும் வால்வ் கவரிலிருந்தும் அகலக் குழாய்களைத் தடுப்புள்ள ஒரு கேட்ச் கேனுக்கு (ஆயில் ஆவியைப் பிடித்து வைக்கும் கலம்) கொண்டுபோங்கள்.

8. பெட்ரோல், பொறி, மூளை

டர்போ பெட்ரோல் என்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் கேட்கும். 300-க்கு 81 கிலோ. நான்காகப் பிரித்து, இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்குமேல் வேலை வாங்கக் கூடாது என்று வைத்தால், நிமிடத்துக்கு 580 சிசி அளவில் வரும். 650 சிசி வாங்குங்கள். இஜி6-ன் பழைய இன்ஜெக்டர்கள் மின்தடை குறைந்தவை. அவற்றுக்கென்று தனி ரெஸிஸ்டர் பெட்டி இருக்கும். புது இன்ஜெக்டர் மின்தடை அதிகமான வகையானால் அந்தப் பெட்டியை வயரிங்கிலிருந்து விலக்க வேண்டும். டேங்க்குக்குள் மணிக்கு 255 லிட்டர் பம்ப் தாராளம்.

பிளக் ஒரு படி குளிர்ந்தது, கேப் 0.6 முதல் 0.7 மி.மீ. வரை. மேப் சென்சார் கட்டாயம் மாற வேண்டும். தொழிற்சாலைச் சென்சார் சுமார் 0.7 பார் பூஸ்ட்டோடு கண்ணை மூடிக்கொள்ளும். 3 பார் சென்சார் போடுங்கள். ஈசியுவுக்கு ஹோண்டேட்டா எஸ்300 போன்ற, இந்தக் காலத்து ஹோண்டா ஈசியுவுக்குள்ளேயே உட்காரும் பலகை போதும். காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் இல்லாமல் சாவியைத் தொடாதீர்கள்.

9. முதல் ஓட்டம்

பிளக்குகளைக் கழற்றி, இன்ஜெக்டர் இணைப்பைப் பிடுங்கி, ஆயில் அழுத்தம் மீட்டரில் தெரியும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். டர்போவின் ஆயில் துளைக்குள் கையால் கொஞ்சம் ஊற்றி வையுங்கள். பிறகு மினரல் ஆயிலோடு ஸ்டார்ட் செய்து, கசிவும் சத்தமும் பார்த்து, 20 நிமிடத்தில் நிறுத்தி ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத, செம்பு நிறம் கலந்த மினுமினுப்பு இருந்தால் பேரிங் தேய்கிறது, நிறுத்துங்கள்.

புது ரிங் உட்கார வேண்டுமானால் சுமை வேண்டும். மணிக்கணக்கில் ஐடிலில் ஓட விடுவது சிலிண்டர் சுவரைப் பளிங்காக்கிவிடும். பூஸ்ட் எட்டாத அளவுக்கு மிதித்து, பிறகு த்ராட்டிலை முழுதாக விட்டு, வண்டி தானாக வேகம் குறையட்டும். இதையே மாற்றி மாற்றிச் செய்யுங்கள். 100 கிலோமீட்டரில் மறுபடி ஆயில், 800-ல் மறுபடி. சிந்தெட்டிக் அதற்குப் பிறகு.

டைனோவுக்கு (என்ஜின் சக்தியை அளக்கும் மேடை) போகும் முன் இன்டேக் குழாய்களைக் கம்ப்ரெஸரால் நிரப்பி, சோப்பு நீர் தெளித்துக் கசிவு பாருங்கள். டியூனிங்கை, பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டின் 0.5 பார் ஸ்பிரிங்கிலேயே தொடங்கச் சொல்லுங்கள். முழுச் சுமையில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5 முதல் 11.8. அந்த அழுத்தத்தில் எல்லா ஆர்பிஎம்மும் சுத்தமான பிறகு 0.7, அதன் பிறகு 1 பார். ஒவ்வொரு படியிலும் பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் டியூனருக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள். இக்னிஷனை இன்னும் இரண்டு டிகிரி ஏற்றினால் பத்துக் குதிரைத்திறன் வரும் என்று ஆசை காட்டினால், கோடை மதியத்தில் 97 ஆக்டேன் கிடைக்காத ஊரில் வண்டி ஓடப்போகிறது என்று நினைவூட்டுங்கள்.

கிளட்ச் பழையதாக இருந்தால் 1 பாரில் முதல் நாளே வழுக்கும். அதை என்ஜின் வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுவது மலிவு. ஹெலிக்கல் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) போடும் எண்ணமிருந்தாலும் அப்போதே போட்டுவிடுங்கள். அது இல்லாமல் இரண்டாவது கியரில் உள்பக்கச் சக்கரம் ரப்பரைத்தான் எரிக்கும்.